பச்சிங்கோ பலகையில் ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் 1970களைச் சேர்ந்த, நிஷிஜின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பச்சிங்கோ எந்திரம், அதாவது ஆணிப் பலகையில் குண்டு விடும் விளையாட்டு எந்திரம், கிடைத்திருக்கிறது. ஆணிகள் கறுத்துப் போயிருக்கின்றன, சில வளைந்திருக்கின்றன, இரண்டு முறிந்தே விட்டன. பலகைமேல் ஒட்டியிருக்கும் படத்தாள் ஓரிடத்தில் உப்பிக் கிழிந்திருக்கிறது. எல்லா ஆணிகளையும் பிடுங்கி, துலக்கி, திரும்ப அடித்துவிடலாமா? பலகைக்குச் சேதம் வராமல் பிடுங்குவது எப்படி?

பிடுங்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். கிழிந்த இடத்தைச் சுற்றி இருக்கும் இருபதோ முப்பதோ ஆணிகள் போதும். கறுத்திருக்கிறது என்பது ஆணியைப் பிடுங்கக் காரணமே இல்லை. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு, இந்த எந்திரத்தில் ஆணி என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சிங்கோவைப் பார்த்திராதவர்களுக்காக: செங்குத்தாக நிற்கும் ஒரு பலகை, முன்னால் கண்ணாடி. 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை விசைக்கோலால் மேலே சுண்டிவிட்டால், அது ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். வழியில் ஏதாவது ஒரு குழியில் விழுந்தால் பரிசுக் குண்டுகள் கொட்டும், இல்லையென்றால் அடியில் போய்த் தொலையும். மோட்டார், திரை, கணினி எதுவும் இந்த மாதிரிக் கைவிசை எந்திரங்களில் இல்லை. விளையாட்டின் கணக்கு முழுவதும் இருநூற்றுச் சொச்சம் பித்தளை ஆணிகளின் இடத்திலும் சாய்விலும்தான் இருக்கிறது.

ஜப்பானிய மொழியில் ஆணிக்குக் குகி என்று பெயர். பலகையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப்பெயர் உண்டு. உச்சியில் நிற்பவை டென் குகி, அதாவது வான ஆணிகள். மையக் குழிக்கு நேர்மேலே வாசற்கால் மாதிரி நிற்கும் இரண்டும் இனோச்சி குகி, உயிர் ஆணிகள். பெயரே சொல்லிவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர் கூடினால் எந்திரத்தை வைத்து ஆட்டம் நடத்தும் கடைக்காரருக்கு நஷ்டம், குறைந்தால் ஆடுபவருக்கு. இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே குகிஷி என்ற தொழிலாளர்கள் இருந்தார்கள். இரவு கடை மூடியபின் சிறு சுத்தியலும் அளவுக் குண்டுகளுமாக வந்து, ஆணித் தலையை லேசாகத் தட்டித் தட்டி மறுநாள் லாபத்தை நிர்ணயித்துவிட்டுப் போவார்கள். (இன்றைய ஜப்பானியச் சட்டப்படி கடையில் ஆணியை இஷ்டத்துக்குத் திருத்துவது குற்றம். அது தனிக் கதை.)

ஆணிகளின் ஒழுங்கும் தற்செயலாக வந்ததில்லை. 1940களின் இறுதியில் நகோயாவின் மசாமுரா தகெயிச்சி என்பவர், அதுவரை பலகை முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடந்த ஆணிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். இடையில் வெற்றிடம் விட்டார், குண்டைத் திசை திருப்பச் சிறு காற்றாடிகளை வைத்தார். உங்கள் பலகையில் இருப்பதும் அந்த வம்சத்து ஒழுங்குதான்.

இன்னொன்று, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது. ஆணிகள் பலகைக்கு நேர்செங்குத்தாக அடிக்கப்படுவதில்லை. தலை சற்று மேல்நோக்கி, சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கும். அப்போதுதான் ஆணிமேல் வந்து விழும் குண்டு கண்ணாடிப் பக்கம் ஓடாமல் பலகைப் பக்கம் ஒதுங்கி உருளும். இந்த 5 டிகிரியை மறந்துவிட்டு நேராக இழுப்பவர்கள்தான் துளையை ஓட்டையாக்குகிறார்கள்.

நான் என் முதல் எந்திரத்தில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து புகைப்படங்கள் எடுத்தேன், எல்லா ஆணியையும் குறடால் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன், பளபளவென்று துலக்கினேன், பழைய துளைகளிலேயே திரும்ப அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. முதல் குண்டைச் சுண்டினேன். டென் குகியைத் தாண்டி ஒரு தடத்தைப் பிடித்து, ஓடையில் போவதுபோல நேரே அடிக்குழிக்குப் போனது. அடுத்த குண்டும் அதே வழி. மூன்றாவது, இரண்டு ஆணிகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. துளைகள் அதேதான், சாய்வுகள்தான் போய்விட்டன. யாரோ ஒரு குகிஷி வருடக்கணக்கில் தட்டி வைத்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அழித்துவிட்டேன். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

சரி, கறுத்த ஆணிகளை அப்படியே வைத்துத் துலக்குவது எப்படி? முதலில் பிசுக்கு. பச்சிங்கோ கடைகள் புகைமூட்டத்துக்குப் பேர்போனவை. உள்ளே புகைபிடிக்கத் தடை வந்ததே 2020 ஏப்ரலில்தான். ஆகவே நீங்கள் பார்க்கும் பழுப்பில் பாதி சிகரெட் தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பழைய பல்துலக்கி, உடனே உலர்ந்த துணி. தண்ணீர் சொட்டக்கூடாது, துணி ஈரமாக இருந்தால் போதும். அப்புறம் அரை விரல் அகலப் பருத்தி நாடாவில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, ஆணியைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு, மத்துக் கயிறு இழுப்பதுபோல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். நாலு இழுப்பில் ஒரு ஆணி மின்னும். அடியில், தாள்மேல் பாலிஷ் வழியாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் அட்டைத் துண்டில் கோடாக வெட்டி ஆணியின் காலில் செருகிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டினால் இதற்கு அருமையாக அமையும்.

பாலிஷ் வாங்கும்போது அம்மோனியா இல்லாததாகப் பாருங்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பீய்ச்சியடிப்பதும் வேண்டாம், பலவற்றில் அம்மோனியா உண்டு. குளிர்நிலையில் வளைத்து இழுத்து அடிக்கப்பட்ட பித்தளைக்கு அம்மோனியா எமன். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டுக் கிடந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். பருவமழையோடு வந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ விரிசல் என்ற பொருளில்தான் பெயரே வைத்தார்கள். உங்கள் ஆணிகளும் சுத்தியல் தட்டித் தட்டி உள்ளே இறுக்கம் ஏறியவை. காரணமில்லாமல் முறிந்ததாக நீங்கள் நினைக்கும் அந்த இரண்டுக்கும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

இனி பிடுங்கியே ஆக வேண்டிய இடம். தாள் உப்பிக் கிழிந்த பகுதி, முறிந்த ஆணிகள், ஒட்டு விட்டுப்போன பிளைவுட், இவை மூன்றும்தான் நியாயமான காரணங்கள்.

கருவியை எடுக்கும் முன் தாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சிங்கோக்காரர்கள் அதை செல் என்பார்கள், செல்லுலாய்டு என்பதன் சுருக்கம். அசல் செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் மணந்தால் அது அசல். சூடம் எப்படிப் பற்றுமோ அதைவிட மோசமாகப் பற்றும். மணக்காவிட்டாலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. ஆகவே ஹீட் கன், சால்டரிங் அயர்ன், அதிவேகத்தில் சுற்றும் சிறு அரைவை எந்திரம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஆணியைச் சூடாக்கினால் எளிதாகக் கழன்றுவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் படவே கூடாது, தாள் கரைந்து ஒழுகும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அது பிளைவுட்டுக்குள் ஊறி, படத்தில் கறையாக மேலே வரும், பிறகு அங்கே எந்தப் பசையும் பிடிக்காது.

பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டக் டக்கென்று கெட்டியாகக் கேட்டால் சரி. பொத்துப் பொத்தென்று கேட்கும் இடத்தில் பிளைவுட் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. அங்கே ஆணியை இழுத்தால் மேல் அடுக்கும் சேர்ந்து எழும்பிவிடும். முதலில் மெல்லிய ஊசியால் மரப்பசையை உள்ளே செலுத்தி, ஆணிகளுக்கு இடையே கட்டை வைத்து அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

அடுத்தது பதிவு. பொறுமை தேவைப்படும் வேலை இதுதான், பிடுங்குவது இதற்குப் பிறகு சுலபம். ஒரே ஒரு புகைப்படம் போதாது, ஏனென்றால் ஆணிக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன: கால் நிற்கும் இடம், தலை நிற்கும் இடம். துளையைப் பார்த்தால் கால் தெரியும். தலை எங்கே இருந்தது என்பது பிடுங்கியபின் யாருக்கும் தெரியாது. ஆகவே கண்ணாடியைக் கழற்றி, பலகையைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சமதளத்தில் படுக்க வைத்து, ஆணித் தலைகள்மேல் ஒரு தெளிவான கெட்டி பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். ஓரங்களில் அசையாதபடி ஒட்டிவிட்டு, நேர்மேலிருந்து பார்த்து ஒவ்வொரு தலையின் நடுவிலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பலகையின் நாலு மூலைகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆணிகளைப் பிடுங்கியபின் அதே தாளை, மூலைகள் பொருந்த, வெற்றுப் பலகைமேல் வைத்துத் துளைகளை வேறு நிறத்தில் குறியுங்கள். ஒவ்வொரு ஆணிக்கும் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். அவற்றுக்கு இடையே உள்ள சின்னக் கோடுதான் அந்த ஆணியின் சாய்வு. என் பிஸ்கட் டப்பா எந்திரத்தில் தொலைந்துபோனது அந்தக் கோடுதான்.

குழிகளின் வாசலில் நிற்கும் ஜோடி ஆணிகளை மட்டும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தலைக்குத் தலை ஓர் அளவு, காலுக்குக் கால் ஓர் அளவு. ஆணி பலகைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதையும் நாலைந்து இடங்களில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அடிக்கும்போது வேண்டும்.

பிடுங்கிய ஆணிகளுக்கு டப்பா வேண்டாம். ஒரு தெர்மாகோல் பலகையில் எந்திரத்தின் படத்தை ஒட்டி, எந்த இடத்து ஆணியோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

கிழிந்த இடத்தில் டூலிப் எனப்படும் விரியும் குழிகள் இருந்தால் பின்பக்கம் போய், அவற்றின் நெம்புகோல் இணைப்பை முதலில் கழற்றுங்கள். முன்பக்கமிருந்து பிடித்து இழுத்தால் ஐம்பது வருடத்துப் பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும். குழிகளைப் பிடித்திருக்கும் குட்டி ஆணிகளுக்கு மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைத் தலைக்கு அடியில் செருகி, அரை அரை மில்லிமீட்டராகத் தூக்க வேண்டும். தகடு பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் ஒரு துணி மடிப்பு வையுங்கள்.

இப்போது ஆணி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இது சும்மா சொல்வதில்லை. முறியும் பித்தளைத் தலை எங்கே பறக்கும் என்று தெரியாது. கூட்டமாக நிற்கும் ஆணிகளில் வெளி வரிசையிலிருந்து தொடங்கினால் கருவிக்கு இடம் கிடைக்கும். ஆணியின் காலில் அந்தக் கோடுபோட்ட பிளாஸ்டிக் அட்டையைச் செருகுங்கள். வைஸ் கிரிப்பின் (பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் குறடு) வாயில் தோல் துண்டு சுற்றி, ஆணியைத் தலைக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். தோல் இல்லாமல் பிடித்தால் பல்லின் தடம் பதியும், பின்னால் அந்தத் தடத்தில்தான் ஆணி முறியும். பிடித்தவுடன் இழுக்காதீர்கள். முதலில் நூலளவு இடது, நூலளவு வலது என்று திருகுங்கள். மரமும் களிம்பும் சேர்ந்து பிடித்திருக்கும் பிடி விடும்போது சின்னதாக ஒரு டக் கேட்கும், கையிலும் தெரியும். அந்த டக் வராமல் இழுத்தால் ஆணியோடு மரநாரும் தாளின் ஓரமும் வரும்.

டக் வந்தபின் ஆணியின் சொந்தச் சாய்விலேயே, அதாவது வெளியேயும் சற்று மேலேயுமாக இழுக்க வேண்டும். பலகை படுத்திருந்தால் மேல்பக்கம் எது என்பதைப் பென்சிலால் அம்புக்குறி போட்டு வையுங்கள், பாதி வேலையில் கண்டிப்பாகக் குழம்பும். கையால் வராவிட்டால் தச்சர் குறடு. குறட்டின் வளைவுக்கு அடியில், ஆணிக்கு மிக அருகே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் தூக்கி, கட்டையை மாற்றி, மறுபடி கொஞ்சம் தூக்கி எடுங்கள். ஒரே நெம்பில் எடுக்கப் பார்த்தால் ஆணி வில்லாக வளைந்து, துளையின் வாய் முட்டை வடிவமாகிவிடும். முதலில் எடுத்த ஆணியின் அடியைப் பாருங்கள். சுருள் வரி இருந்தால் மற்றவற்றைத் திருகாணி கழற்றுவதுபோலத் திருகிக்கொண்டே எடுக்க வேண்டும். பிளவுபட்ட நகச் சுத்தியலை இந்த வேலையில் நினைக்கவே வேண்டாம்.

முறிந்த இரண்டுக்கு வருவோம். துண்டு வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் பின் வைஸ் என்ற சிறு கைப்பிடிச் சக்கில் இறுகப் பிடித்து அதே திருகல். பலகை மட்டத்தில் முறிந்திருந்தால் ஆணியைவிடச் சற்றே பெரிய உட்துளையுள்ள மெல்லிய எஃகுக் குழாயை எடுத்து, விளிம்பில் அரத்தால் நாலைந்து பல் வெட்டி, கையாலேயே சுழற்றி ஆணியைச் சுற்றியுள்ள மரத்தை மட்டும் அறுத்தெடுங்கள். மின் டிரில் வேண்டாம், வழுக்கினால் தாளில் கோலம் போட்டுவிடும். துண்டு வந்தபின் மூங்கில் குச்சியைத் துளை அளவுக்குச் சீவி, மரப்பசை தொட்டு அடித்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்துவிட்டால் புது மரம் தயார். சூப்பர் குளூ பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவி படத்தின்மேல் வெண்படலமாகப் படியும்.

பிடுங்கிய ஆணிகளைத் துலக்க நம் வீட்டு முறையில் புளி போடலாமா என்றால், போடலாம், தேய்த்துவிட்டு உடனே கழுவ வேண்டும். ஊறப்போட்டுவிட்டு மறந்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நிற்கும், ஆணி ரோஜா நிறத்தில் வரும். வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தும் ஆசையும் வேண்டாம். முதலாவது, அந்த வளைவு குகிஷி வைத்ததாக இருக்கலாம், உங்கள் பிளாஸ்டிக் தாளைக் கேட்டால் சொல்லும். இரண்டாவது, பலமுறை வளைந்த பித்தளை கடினமாகி முறியும் நிலையில் இருக்கும். நெருப்பில் காட்டி இளக்கினால் வளையும்தான், ஆனால் அப்புறம் குண்டு மோதும்போதெல்லாம் வளைந்துகொண்டே இருக்கும். தேறாத ஆணிக்குப் பதில், உதிரிக்காகக் கழிக்கப்பட்ட இன்னொரு எந்திரத்தின் ஆணியைத் தேடுவதே மேல்.

திரும்ப அடிக்கும்போது துளை பிடிப்பாக இருந்தால் அப்படியே. தளர்ந்திருந்தால் மூங்கில் சிலாம்பு ஒன்றும் பசையும் போதும். அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைக்க வேண்டிய இடத்தில், ஆணியின் தடிமனைவிடக் கொஞ்சம் மெல்லிய துளைப்பான், 5 டிகிரி சாய்வில் துளையிட்ட ஒரு மரக்கட்டை வழிகாட்டி. உயரத்துக்கு, முன்பு அளந்து வைத்த அளவில் ஒரு கட்டையை வெட்டி, ஆணிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தலை அதன் மட்டத்துக்கு வரும்வரை தட்டுங்கள். சுத்தியல் நேரடியாகத் தலையில் படாமல் ஒரு கடினமான பிளாஸ்டிக் துண்டு இடையில் இருக்கட்டும்.

உயிர் ஆணிகள் இரண்டையும் பிடுங்கியிருந்தால் அவற்றைக் கடைசியாக அடியுங்கள். பலகையைச் சட்டத்தில் மாட்டி, சற்றே பின்னால் சாய்த்து நிறுத்தி, கண்ணாடி போடாமல் மேலேயிருந்து ஒவ்வொரு குண்டாகக் கையால் விடுங்கள். ஒரு ஐம்பது குண்டு. எங்காவது இரண்டு ஆணிக்கு நடுவே குண்டு நின்றால், தாளில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் சுத்தியலை எடுங்கள். குண்டு பலகையை விட்டு முன்னால் குதித்து மடியில் விழுந்தால் அந்த ஆணி நேராக நிற்கிறது என்று அர்த்தம், தலையை அடியிலிருந்து மேலாக ஒரு தட்டு. எல்லாம் ஓடியபிறகு கண்ணாடியை மாட்டுங்கள். கிழிந்த இடத்தின் படம் வந்தால், எந்த ஆணிகளைப் பிடுங்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.